காப்பு அவிழ்க்கும்வரை

நீங்கள் எட்டாம் நம்பர் கட்டில்தானே? காலில் புண்ணோடு படுத்திருக்கிற அம்மாவுக்கு மகள்? நினைத்தேன். ஒன்பதாம் நம்பரில், இரண்டு கையிலும் கட்டுப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாளே, அவள் என் வீட்டுக்காரி. வேலுத்தாய். என் பெயர் சந்தனம். உட்காருங்கள் தங்கச்சி. இந்த மரத்தடியில் ஆண், பெண் என்றெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. உள்ளே யாரையாவது படுக்க வைத்துவிட்டு வந்தவர்கள்தான் எல்லோரும்.

இந்த டீயைக் குடியுங்கள். அக்காவுக்கென்று வாங்கினேன், அவள் வேண்டாம் என்றுவிட்டாள். என் அக்காதான் இப்போது உள்ளே துணைக்கு இருக்கிறாள். நல்லவள். ஆனால் அவளிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால், நாம் வீடு போய்ச் சேர்வதற்குள் அது தெருமுனைக்குப் போய் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

நீங்களும் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள். போர்வை இடது விலாவில் பட்டால் கத்துகிறாள். அங்கே தீக்காயமே கிடையாது. கண்ணை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பினால் தலை அதிர்கிறது என்று முனகுகிறாள். கஞ்சி உள்ளே போன பத்தாவது நிமிடம் வெளியே வருகிறது. ரத்தம் எடுத்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. சாப்பாடு உடம்பில் தங்கவில்லை, கைப்புண் ஆறவில்லை, காய்ச்சலும் ஆரம்பித்துவிட்டது, இப்படியே போனால் உயிருக்கே ஆபத்து என்று சின்ன டாக்டர் நேற்று முகத்துக்கு நேராகச் சொன்னார். இன்று பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் வருகிறார். அவருக்கும் பிடிபடாவிட்டால் மனநோய்ப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்களாம்.

பின்பக்கம் கம்பிக் கதவு போட்ட கட்டடம் இருக்கிறதே, அதுதான். கதவு நல்ல வேலைதான். நான் கிரில் பட்டறை வைத்திருப்பவன், பார்த்தால் தெரியும். ஆனால் என் வீட்டுக்காரி அந்தக் கதவுக்குப் பின்னால் போவதா? அதைத்தான் வரவிடக் கூடாது என்று நான் இத்தனையும் செய்தேன்.

பொறுமை இருந்தால் கேளுங்கள். கேட்டுவிட்டு, என் மேல் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

போன வருடம் ஆடியில் அவளுக்கு இடது விலாவில் அக்கி வந்தது. முதுகில் ஆரம்பித்து மார்புக்குக் கீழே வரைக்கும் பட்டையாகக் கொப்புளம். பானை வனைகிற வேளார் வீட்டில் போய் மூன்று காலை புண் மேல் காவி எழுதிவிட்டு வந்தோம். கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கொப்புளம் போனது, வலி போகவில்லை. தங்கச்சி, அப்படி ஒரு வலியை நான் பார்த்ததில்லை. ரவிக்கைத் துணி பட்டால் துடிப்பாள். ஃபேன் காற்றுப் பட்டால் துடிப்பாள். நடக்கும்போது ரவிக்கையை இரண்டு விரலால் விலாவிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பாள். தீப்பெட்டி ஆபீசில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள், வேலையை விட்டுவிட்டாள். ஒரு கை எப்போதும் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் எந்தக் கையால் பெட்டி அடைப்பது?

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். அவள் வலியில் முனகும்போது நான் பட்டறைக்குப் போய்விடுவேன். வேறென்ன செய்ய? கிரைண்டிங் மிஷினைப் போட்டால் எதுவும் காதில் விழாது.

நாலு மாதம் இப்படிப் போனது. பிறகு இதே ஆஸ்பத்திரியில் வலிக்கென்று தனியாக ஒரு அறை இருக்கிறது என்று யாரோ சொல்லி, கூட்டிக்கொண்டு வந்தேன். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. நிதானமாகப் பேசினார்.

“அக்கி போயிடுச்சும்மா. அது போன வழியில நரம்பைக் கெடுத்துட்டுப் போயிருக்கு. அந்த நரம்பு சும்மா இருக்கும்போதும் வலிக்குது வலிக்குதுன்னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். இந்த மாத்திரை அந்தச் சத்தத்தைக் குறைக்கும். ராத்திரிக்கு ஒண்ணு.”

அப்புறம் என்னவோ சொன்னார். மனசு, நரம்பு, இரண்டுக்கும் என்று. நான் கவனிக்கவில்லை. அந்த நேரம் பட்டறையிலிருந்து போன். ஆனால் கடைசியில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. “நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. நிறுத்தணும்னா என்கிட்ட வாங்க. கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சுத்தான் விடணும்.” எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. வந்த ஆளை விடாமல் பிடித்து வைக்கிற பேச்சு அது. டிவிக்குக் கேபிள் கொடுக்கிறவன்கூட அப்படித்தான் பேசுவான்.

மாத்திரை வேலை செய்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஐந்தாவது வாரம், ஒருநாள் நான் சாப்பிட வந்தபோது அவள் இரண்டு கையாலும் தலைவாரிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. என்னவோ புதிதாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். “என்ன மாமா, பொண்ணு பாக்க வந்தவர் மாதிரி நிக்கிறீக” என்றாள். அடுத்த மாதம் தீப்பெட்டி ஆபீசுக்குத் திரும்பவும் போனாள். அதன் பிறகு ஒரு குறையும் இல்லை.

குறை எங்கே வந்தது தெரியுமா? ஆஸ்பத்திரியில் மாத்திரை இருப்பு இல்லை, இந்தத் தடவை வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் தனுஷ்கோடி மெடிக்கலுக்குப் போனேன். போன வாரத்துக்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை. கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். அதில் எங்கள் திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர்.

தனுஷ்கோடி சீட்டைப் பார்த்துவிட்டு, “யாருக்குண்ணே?” என்றார்.

“வீட்டுல.”

“மதினிக்கா? ஏன், தூக்கம் இல்லையா? அழுகுறாகளா?”

“விலா வலிக்குப்பா.”

“இது மன அழுத்தத்துக்குக் குடுக்குறதாச்சே. வலிக்கும் குடுப்பாகன்னு கேள்விப்பட்டிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கமிட்டிக்காரர் காதில் விழுந்துவிட்டது.

“ஏம்ப்பா சந்தனம், வீட்டுல இப்படி ஒரு வைத்தியம் நடக்குது, சொல்லவே இல்லையே. மதினி பாத்திரத்தைக் கீத்திரத்தைத் தூக்கி எறியுதா? ஹெல்மெட் இருக்குல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது.

எட்டு மாதமாக என் வீட்டுக்காரிக்குப் பைத்தியத்துக்கான மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள், தங்கச்சி. விலா வலிக்கென்று போனவளுக்கு. அவளிடம் கேட்டேன். “உனக்குத் தெரியுமா இது?” தெரியும் என்றாள். “டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாகளே, நீங்க போன்ல இருந்தீக. என்னத்துக்குக் குடுத்தா என்ன மாமா, எனக்கு வலி நின்னுச்சு.” வலிதான் நின்றுவிட்டதே, பிறகு மாத்திரை எதற்கு என்றேன். என்ன தப்பு இதில்? காய்ச்சல் நின்றால் காய்ச்சல் மாத்திரையை நிறுத்துகிறோமா இல்லையா? ஒருநாள் தவறினாலே தலை கிறுகிறுக்கிறது மாமா, நிறுத்த முடியாது என்றாள். அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. நிறுத்த முடியவில்லை என்றால் அதற்குப் பெயர் என்ன? அதற்கு என்ன பெயர் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் குடிகாரனாக இருந்தவன்.

பதினோரு வருடம் முன்னால் வரைக்கும். காலையில் கை நடுங்கும், ஒரு கட்டிங் போட்டால்தான் வெல்டிங் ராடைப் பிடிக்க முடியும். எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி, எட்டாம் நாள் பூக்குழி இறங்கித் தீ மிதிப்பார்கள். மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிட்டால், இறங்கி முடித்துப் பூசாரி கையால் அவிழ்க்கும்வரை சுத்தபத்தமாக இருக்க வேண்டும். நான் காப்புக் கட்டிய அன்றைக்கே குடியை விட்டேன். இரண்டு நாள் நரகம். சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. மூன்றாம் நாளிலிருந்து பாருங்கள், அம்மன் அருள், நடுக்கம் குறைந்து தூக்கம் வந்துவிட்டது. எட்டாம் நாள் இறங்கினேன். அதோடு சரி, இன்றுவரை தொடவில்லை. எங்கள் ஊரில் எவனாவது குடித்துவிட்டு விழுந்து கிடந்தால் என் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். “சந்தனத்தைப் பாருடா, காப்புக் கட்டி விட்டான்” என்று.

அதையேதான் அவளுக்கும் செய்தேன். எனக்குப் பலித்தது அவளுக்குப் பலிக்காதா? இதோ திருவிழா வருகிறது, காப்புக் கட்டு, மாத்திரையை விடு, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றேன். முதலில் மாட்டேன் என்றாள். டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள். நான் மூன்று வேளை சாப்பிடாமல் இருந்தேன். நாலாவது வேளை சரி என்றாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை, கோயிலில் வைத்து, பூசாரி இருளப்பன் கயிற்றைக் கட்டும்போது என் காதில் விழும்படி சொல்லச் சொன்னேன். காப்பு அவிழ்க்கும்வரை அந்த மாத்திரையைத் தொட மாட்டேன், அதைப் பற்றி வெளியே யாரிடமும் பேசவும் மாட்டேன் என்று. அம்மனைப் பார்த்துச் சொன்னாள். மீதி ஆறு மாத்திரையை நான் வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தது. தலைக்குள் மின்னல் அடிக்கிறது என்றாள். கண்ணைத் திருப்பினால் அடிக்கிறதாம், அடிக்கும்போது உதடுவரைக்கும் விறுவிறு என்று ஓடுகிறதாம். வியர்வையில் சேலை நனைந்தது. குழம்புச் சட்டியில் உப்புக் குறைந்துவிட்டது என்று உட்கார்ந்து அழுதாள். அழுகிற ஆளே இல்லை அவள். அக்கி வலியில்கூட முனகுவாளே தவிர அழமாட்டாள். வெள்ளிக்கிழமை விலா வலியும் திரும்பிவிட்டது. மறுபடியும் ரவிக்கையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பார்த்தாயா, நான் சொன்னது சரியாய்ப் போயிற்று என்று தோன்றியது. எனக்கும் இப்படித்தானே கை நடுங்கியது. மாத்திரை எந்த அளவுக்குப் பிடித்து வைத்திருக்கிறது பார், தாங்கிக்கொள் என்றேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவாதீங்க மாமா, எரியுது என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் முளைப்பாரி. பெண்கள் சுற்றி நின்று கும்மி அடிக்கிறார்கள். உறுமி மேளம் காதைக் கிழிக்கிறது. அவளும் காப்புக் கட்டியவள், நின்றாக வேண்டும். நின்றுகொண்டிருந்தவள் சட்டென்று தலையை உதறினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது. பக்கத்தில் இருந்தவள் விலகி நின்று குலவை போட்டாள். வேலுத்தாய்க்குச் சாமி வந்துவிட்டது என்றார்கள்.

பூசாரி ஓடிவந்து விபூதியைப் போட்டு, “யாரு தாயி வந்திருக்கிறது? என்ன வேணும்? சொல்லு” என்றார்.

இவள், “மின்னல் அடிக்குது, மின்னல் அடிக்குது” என்றாள்.

“கேட்டீகளா எல்லாரும்? மின்னல்ங்குறா. மழை குடுக்கப் போறா” என்றார் பூசாரி. எங்கள் பக்கம் ஒன்றரை வருடமாக மழை இல்லை, தங்கச்சி. ஜனங்கள் அப்படியே காலில் விழுந்தார்கள். மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். ஈரச் சேலை விலாவில் ஒட்டவும் அவள் போட்ட சத்தம் இருக்கிறதே, மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். சாமி உக்கிரமாக வந்திருக்கிறது என்றார்கள்.

கமிட்டியில் எனக்கு மரியாதை என்று துண்டு கட்டினார்கள். மெடிக்கல் ஷாப்பில் சிரித்தாரே, அவரேதான் கட்டினார். “மன்னிச்சுக்கப்பா, தெரியாமப் பேசிட்டேன்” என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் கூட்டம். குறி கேட்க வந்தார்கள். மகளுக்கு எப்போது வரன் வரும், போர் போட்டால் தண்ணீர் வருமா என்று. இவள் தரையில் சுருண்டு கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் கூட்டத்தை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, எனக்குச் சாமியெல்லாம் வரல. உங்களுக்கே தெரியும். ஒண்ணே ஒண்ணு குடுங்க. பிரிச்சுப் பாதியாவது குடுங்க. நீங்க குடுத்தா நான் வாக்குத் தவறினதா ஆகாது.”

“சாமி வந்த உடம்புல மாத்திரையைப் போடச் சொல்றியா?” என்றேன்.

அப்போது ஒன்று சொன்னாள் பாருங்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “நீங்க குடியை விட்டது சாமியால இல்ல மாமா. நான் குடிமறப்பு டாக்டர்கிட்டப் போய் மாத்திரை வாங்கியாந்து மோர்ல கரைச்சுக் குடுத்தேன். ரெண்டு நாள் நீங்க எறும்பு எறும்புன்னு கத்தவும் பயந்துபோய் ஓடினேன். முதல்ல வேளைக்கு ஒண்ணு, அப்புறம் பாதி, அப்புறம் கால். குறைச்சுக் குறைச்சுத்தான் விடணும்னு அந்த டாக்டரும் சொன்னாரு. பதினோரு வருசமா உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னு நான் வாயத் திறக்கல.”

எப்படிப் புத்தி பேதலித்துப் பேசுகிறாள் பாருங்கள். மோரில் கரைத்தாளாம். அந்த எட்டு நாளில் மூன்றாம் நாளிலிருந்து மோர் கொஞ்சம் கசக்கத்தான் செய்தது, ஒத்துக்கொள்கிறேன். நாக்குக் கெட்டுப் போயிருந்தால் எல்லாமே கசக்கும். அந்த மாத்திரை ஒரு மனுஷியை எப்படியெல்லாம் பொய் பேச வைக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வாசலில் கூட்டம் காத்திருந்தது. சாமி களைத்திருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று நானே சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கால் மணி நேரம் தூறல் போட்டது. அதற்குப் பிறகு யாரையும் கையில் பிடிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பூக்குழி. அவளை வரிசையில் முதலாவதாக விட்டார்கள். சாமி வந்தவள் அல்லவா. நெருப்பு எனக்குப் புதிதில்லை, நாள் பூராவும் நெருப்போடு கிடக்கிறவன். குழியின் அந்தக் கரையில், அவள் வந்து சேர்கிற இடத்தில், பால் ஊற்றிய பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பூக்குழி இறங்குகிறவர்கள் கீழே பார்க்க மாட்டார்கள், எதிர்க் கரையைத்தான் பார்ப்பார்கள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று எட்டு வைத்தாள். யாரோ பக்கத்தில் கூப்பிட்டிருக்க வேண்டும், கண்ணை அந்தப் பக்கம் திருப்பினாள். தலை ஒரு உதறு உதறியது. அவ்வளவுதான், முன்பக்கமாக விழுந்தாள். இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி.

தூக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? மூன்று விநாடி. நான்கு விநாடி. அதற்கே உள்ளங்கையில் தோல் இல்லை.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? விரதத்தில் சுத்தமில்லை, அதுதான் அம்மன் தள்ளிவிட்டாள் என்றது. மூன்று நாள் சாமி, நாலாம் நாள் தீட்டு. துண்டு கட்டியவர் ஆம்புலன்ஸ் வரும்வரைகூட நிற்கவில்லை. எனக்கும் சந்தேகம் வந்தது. எனக்குத் தெரியாமல் மாத்திரையைப் போட்டுவிட்டாளோ என்று. உண்மையைச் சொல்கிறேன், அவளை இங்கே சேர்த்த கையோடு பட்டறைக்குப் போய் அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். ஆறும் அப்படியே இருந்தது. பாவம், அவள் வாக்குத் தவறவில்லை.

இப்போதும் தவறவில்லை. கையில் மஞ்சள் கயிறு இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். கட்டுப் போடும்போது நர்ஸ் அதை வெட்டப் போனதற்கு அவள் கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு ஒரே அலறல். பூக்குழியைக் கடந்து முடிக்காமல் காப்பை அவிழ்க்கக் கூடாது. அவிழ்க்கும்வரை அந்த மாத்திரையைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். விழுந்ததே சாமி குத்தம் என்று பயந்துபோயிருக்கிறாள், இன்னொரு குத்தம் சேர்த்துக்கொள்வாளா?

டாக்டர்கள் வந்தால் என்னைத்தான் கேட்கிறார்கள். “இவங்க வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறவங்களா?” இல்லை என்றேன். முதல் நாளும் கேட்டார்கள். நேற்றும் கேட்டார்கள். இன்று காலையிலும் அந்தச் சின்ன டாக்டர், “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, தூக்கத்துக்கு, வலிக்கு, பிரஷருக்கு, எதுவா இருந்தாலும் சரி, எப்ப நிறுத்தினதா இருந்தாலும் சரி” என்றார். அவர் கேட்கும்போதெல்லாம் வேலுத்தாய் சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் இல்லை என்று சொன்னதும் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

ஏன் சொல்லவில்லையா? நன்றாகக் கேட்டீர்கள். மன நோய்க்கான மாத்திரையை எட்டு மாதம் சாப்பிட்டாள் என்று நான் சொன்னால், நேராக அந்தக் கம்பிக் கதவுக்குத்தானே அனுப்புவார்கள்? அது ஒன்று. இன்னொன்று, சொன்னவுடன் மறுபடியும் அதையே கொடுத்துவிடுவார்கள். இத்தனை நாள் பட்ட பாடு வீண். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது, தங்கச்சி. நான் எட்டு நாளில் தெளிந்தேன். அவள் பெண்பிள்ளை, பதினைந்து நாள் ஆகட்டும். இன்னும் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால்...

என்ன, எழுந்துவிட்டீர்கள்? டீ பாதி இருக்கிறதே.

அம்மாவைப் பார்க்கவா? மணி பத்தே முக்கால்தான் ஆகிறது, கூப்பிட்டார்கள் என்றால் அக்கா வந்து சொல்வாள். உட்காருங்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லையே. என் மேல் என்ன தப்பு?

அந்தப் பக்கம் ஏன் போகிறீர்கள்? அது நர்ஸ் அறை. தங்கச்சி. உங்களைக் கூடப் பிறந்தவள் மாதிரி நினைத்துச் சொன்னேன். நில்லுங்கள். அவர்களிடம் போய் என்ன சொல்லப் போகிறீர்கள்? மாத்திரையின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கே வாயில் நுழையாது. சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். பெயர் தெரியாமல் நீங்கள் போய்ச் சொன்னால் யார் கேட்பார்கள்?

தங்கச்சி, கொஞ்சம் நில்லுங்கள்.

பச்சையும் வெள்ளையுமாக இருக்கும். குப்பி மாதிரி. மேலே அறுபது என்று போட்டிருக்கும். ராத்திரிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. இதே ஆஸ்பத்திரியில்தான் எழுதிக் கொடுத்தார்கள், மாடியில், வலி பார்க்கிற அறையில். அங்கே அவள் பெயரில் நோட்டு இருக்கும். கடைசியாகச் சாப்பிட்டது போன வாரம் திங்கட்கிழமை ராத்திரி எட்டரை மணி.

நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். அவளிடமும் சொல்ல வேண்டாம். அவளைப் பார்த்ததில் உங்களுக்குத் தானாகவே சந்தேகம் வந்தது என்று சொல்லுங்கள். போங்கள். பெரிய டாக்டர் ஏறிப் போகிறார், படியில்.